தாம்பூலம் கொடுத்தும் எழுந்திருக்காதவர்கள்

சமையலறையிலிருந்து அண்ணி தாம்பூலத் தட்டோடு வந்தாள். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, வாழைப்பழம், ஓரத்தில் குங்குமச் சிமிழ். முதல் நாள் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாங்கியதில் மிச்சம். முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்கள் கையில் தாம்பூலத்தைக் கொடுத்துவிட்டால், நீங்கள் வந்ததில் சந்தோஷம், போய் வாருங்கள் என்று அர்த்தம்.

அண்ணியின் வெள்ளைச் சோபாவில் மூன்று நைஜீரியப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் பளபளக்கும் துணியைப் பெரிதாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. யாரும் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை.

தட்டைப் பார்த்ததும் மூவர் முகமும் மலர்ந்தது. நடுவில் இருந்த அடாகு அம்மா, எழுபது வயதுக்காரர், காலை நீட்டி நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா, கொட்டை வந்துவிட்டது. இனிப் பேச்சை ஆரம்பிக்கலாம்."

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் ஊரில் வந்தவர்கள் முன்னால் தட்டில் கோலாக் கொட்டையை வைப்பதுதான் வரவேற்பு. அது வருகிறவரைக்கும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அண்ணி வழியனுப்பக் கொண்டுவந்த தட்டு, வரவேற்புத் தட்டாகிவிட்டது.

வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அப்பாவை இந்த ஊரை விட்டு அனுப்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் விமானம்.

அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றார்

அண்ணன் ரவிக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை கிடைத்திருந்தது. நல்ல வேலை. ஆக்லாந்தில் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருந்த இந்த வீட்டை வாடகைக்கு விட ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டான். ஆஸ்திரேலியாவுக்குப் பெற்றோரை அழைத்துப்போகும் விசாவுக்கு வரிசை நீளம். ஆகவே அப்பாவுக்குக் கோயமுத்தூரில் முதியோருக்கான ஒரு குடியிருப்பில் இடம் பிடித்திருந்தான். மூன்று வேளைச் சாப்பாடு, டாக்டர், கோயில் எல்லாம் உள்ளேயே உண்டாம். படம்கூடக் காட்டினான்.

அண்ணனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா போன பிறகு அப்பாவை ஆக்லாந்துக்கு அழைத்துவந்து இத்தனை வருஷம் வைத்துப் பார்த்தது அவனும் அண்ணியும்தான். நான் துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளென்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகிறவள்.

அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈரோட்டுக்காரர். இங்கே தினமும் காலையில் தெருமுனை டெய்ரிக்கு, அதாவது சின்ன மளிகைக் கடைக்கு, நடந்து போய்ப் பால் வாங்கி வருவார். வீட்டில் பால் இருந்தாலும் வாங்குவார். கடைக்காரர் "குட் மார்னிங் பாஸ்" என்பார். ஒரு நாளில் அப்பா வெளியாட்களோடு பேசுகிற பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

"அப்பாகிட்டக் கேட்டியா?" என்று அண்ணனிடம் சண்டைக்குப் போனேன்.

"கேட்டேன். சரின்னாரு."

அப்பா எதைக் கேட்டாலும் சரி என்பார். தோசையா, இட்லியா என்றாலும் சரிதான். நான் நேராக அவரிடமே போய், என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். அதற்கு மட்டும் அவர் சரி சொல்லவில்லை.

"கட்டிக்குடுத்த புள்ள ஊட்டுல போயி உக்காந்து தின்னுட்டு இருக்கச் சொல்றயா கண்ணு? ஊருல என்ன பேசுவாங்க?"

எந்த ஊர் பேசும் என்று கேட்டேன். அண்ணி இடையில் வந்து, "நீ எதுக்கு, மலர், மனசைப் போட்டுக் கொழப்பிக்கிற? உன் குடும்பத்தப் பாரு. இது இந்த வீட்டு விஷயம்" என்றாள். ஆறுதலாகச் சொன்னதுதான். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் எந்த வீடாம்?

ராஜாவைத் தேடிய வெள்ளைக்காரர்கள்

மறுநாள் வேலையில் என் முகத்தைப் பார்த்தே இஃபியோமா கண்டுபிடித்துவிட்டாள். நாங்கள் இருவரும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. நாங்கள் பேசுவது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

"உங்கள் வீட்டில் பிறந்த பெண்கள் எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான்."

"அப்படியானால் நீதான் கோர்ட். இங்கே உட்கார்ந்து எதற்கு அழுகிறாய்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தன் ஊர்க் கதையை எடுத்தாள்.

அவள் ஊர் நைஜீரியாவின் தென்கிழக்கில், இக்போ மக்கள் வாழும் பகுதியில் இருக்கிறது. ஊரே ஒரு மூதாதையின் வாரிசுகள். அவருடைய மகன்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பகுதி. ஊரின் பெயருக்கே இன்னாருடைய பிள்ளைகள் என்றுதான் பொருளாம். அவர்கள் கணக்கில் வாரத்துக்கு நான்கே நாள். ஒவ்வொரு நாளும் ஒரு சந்தையின் பெயர். ஒரே வயதுக்காரர்கள் சேர்ந்து ஒரு செட்டாகிவிடுவார்கள். பாதையைச் சீர் செய்வது ஒரு செட், ஓடையைச் சுத்தம் செய்வது இன்னொரு செட்.

ஊருக்கு ராஜா கிடையாது. பங்காளிகள் ஒன்றுகூடும் சபைக்கு உமுன்னா என்று பெயர். அதில் மூத்தவர் கையில் ஒரு சின்னக் கோல் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பொய் பேசக் கூடாது. ஆனால் அவரும் தனியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்லாரும் பேச வேண்டும், எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நம் சினிமாப் பஞ்சாயத்தில் ஒரு பெரியவர் துண்டை உதறித் தீர்ப்பைச் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விடுவார். அங்கே அது நடக்காது.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது ஊரில் ராஜா யார் என்று தேடினார்களாம். ஆள் கிடைக்கவில்லை. ராஜா இல்லாமல் யாரிடம் வரி கேட்பது? ஊருக்கொருவரைப் பிடித்து, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, நீதான் தலைவன் என்று உட்காரவைத்தார்கள். அந்தத் திடீர்த் தலைவர்கள் ஆடிய ஆட்டத்தை எதிர்த்துக் கிளம்பியவர்கள் பெண்கள். கூட்டம் கூட்டமாகப் போய்த் தலைவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, பாட்டுப் பாடி, அவரை வெளியே தலைகாட்ட விடாமல் செய்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது இஃபியோமாவின் குரலில் ஏதோ தானே நேரில் போய்ப் பாடிவிட்டு வந்த மாதிரி ஒரு பெருமை இருந்தது.

பிறந்த வீட்டுப் பெண்கள்

அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் முக்கியம். பிறந்த வீட்டுப் பெண்களுக்கு அங்கே உமுஅடா என்று பெயர். கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெயர் போகாது. அண்ணன் தம்பிக்குள் வழக்கு, சாவு, சடங்கு என்றால் அவர்கள் கிளம்பி வருவார்கள். வந்து உட்கார்ந்துவிட்டால் விஷயம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அதுவரை வீட்டுக்காரர்தான் சோறு போட வேண்டும்.

"பாதி வழக்கு சமையல் செலவுக்குப் பயந்தே தீர்ந்துவிடும்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கல்யாணமானதும் நம் வீட்டில் என்னை விருந்தாளி ஆக்கிவிட்டார்கள். இவளை நீதிபதி ஆக்கியிருக்கிறார்கள். பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை இஃபியோமா என்னைப் பாட்டனி டவுன்ஸில் அடாகு அம்மாவின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆக்லாந்தில் இருக்கும் அவர்கள் ஊர்ப் பெண்கள் மாதம் ஒருமுறை அங்கேதான் கூடுவார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்.

"நாங்கள் உன் வீட்டில் பிறந்தவர்கள் இல்லை. எங்களுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. பிறந்தவள் நீ. ஒருத்தியாகப் போனால் உன்னைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கூட வந்து உட்காருகிறோம். பேச வேண்டியது நீதான்."

இப்படித்தான் அதற்கடுத்த சனிக்கிழமை நாங்கள் நான்கு பேரும் அண்ணியின் சோபாவில் போய் உட்கார்ந்தோம். காரோட்டி வந்தவர் என் கணவர் செந்தில். மாமனார் வீட்டுப் பஞ்சாயத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று சொல்லி, வாசலில் காரிலேயே இருந்துவிட்டார்.

கொட்டைப்பாக்கும் சுத்தியலும்

மறுபடி தட்டுக்கு வருகிறேன்.

அடாகு அம்மா ஒரு கொட்டைப்பாக்கைத் தொட்டுப் பார்த்தார். இது கோலா இல்லை என்று அவருக்குத் தெரியாதா? "தட்டில் வந்தால் கொட்டை கொட்டைதான்" என்று சொல்லிவிட்டார். பிறகு, "இந்த வீட்டில் மூத்தவர் எங்கே? அவர்தான் இதைக் கையில் பிடித்துப் பிரார்த்தனை செய்ய வேண்டும்" என்றார்.

அப்பா மூலையில் நாற்காலியில் இருந்தார். அவரைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் அவரை யாரும் அதுவரை எதற்கும் கூப்பிடவில்லை. நானும்தான்.

தட்டு தன்னிடம் வந்ததும் அப்பா பதறி எழுந்து நின்றார். "என்ன பண்ணோணும் கண்ணு?"

"சாமி கும்புடுங்கப்பா. எல்லாருக்காகவும்."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான்."

பாக்கை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆத்தா, மாரியாத்தா. எம் பையன் போற எடத்துல நல்லா இருக்கோணும்."

"இசே!" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்படியே ஆகட்டும் என்று சொல்கிறார்கள், நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

"மருமவளும் பேரப்புள்ளைங்களும் சொகமா இருக்கோணும்."

"இசே!"

"இந்த அம்மிணிங்க எந்தூரோ என்னமோ, நம்மூட்டப் பாத்து வந்துருக்காங்க. அவிங்களும் நல்லா இருக்கோணும்."

"இசே!"

முடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"நான் எங்க கெடந்தாலும் நம்ம சனம் ஒருத்தரு மொகத்தப் பாத்துட்டே கெடக்கோணும். ஒத்தையில மட்டும் உட்டுராத ஆத்தா."

"இசே!" என்றார்கள் அவர்கள், முன்னைவிடச் சத்தமாக. ஒரு வார்த்தையும் புரியாமல்தான் சொன்னார்கள். புரிந்தவர்கள் நாங்கள் மூவர்தான். அண்ணி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"சரின்னு சொன்னீங்களேப்பா" என்றான் அண்ணன்.

"நீ கேட்டே, சொன்னேன். வேலைக்குப் போற பையன் காலக் கட்டிட்டு உக்காரச் சொல்றயா?"

இஃபியோமாவின் காதில் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் மற்ற இருவருக்கும் இக்போவில் சொன்னாள். அடாகு அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அழுகைக்கெல்லாம் அங்கே நேரமில்லை. கொட்டையை உடைத்துப் பகிர வேண்டும், இளையவன் உடைக்க வேண்டும் என்றார். அங்கே இருந்த ஆண்களில் இளையவன் அண்ணன்தான். கத்தி இறங்கவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கராஜுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, துண்டில் சுற்றி நான்கு போடு போட்டான். எல்லாரும் ஒவ்வொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டோம். "எங்களுடையது இன்னும் கசக்கும்" என்றார் அடாகு அம்மா, கொஞ்சம் ஏமாற்றமாக.

அவர் சொல்வதுதான் சரி

இப்போது பேச்சு ஆரம்பித்தது. ஒவ்வொருவராகப் பேச வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஒருநாளும் யாரும் பேசியதில்லை. அண்ணன் பேசினான். அண்ணி பேசினாள். நான் பேசினேன், கொஞ்சம் அதிகமாகவே. அப்பா என்னோடு வரட்டும், கிளென்ஃபீல்டில் ஒரு அறை ஒழித்துத் தருகிறேன், பெண் வீட்டில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று முடித்தேன். எனக்காகத்தானே வந்திருக்கிறார்கள்? தீர்ப்பு என் பக்கம் என்று தைரியமாக இருந்தேன்.

அப்பா தலையை ஆட்டினார். "மாப்ள ஊட்டுக்கு நான் வல்லைங்க" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன், கோபத்தோடு.

அடாகு அம்மா உடனே சொன்னார். "அவர் சொல்வதுதான் சரி. எங்கள் ஊரிலும் மருமகன் கூரைக்குக் கீழே போய் மாமனார் குடியிருக்க மாட்டார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலி தாண்டி ஆள் கூட்டி வந்தால், வந்தவரும் அப்பாவோடு சேர்ந்துகொண்டாரே! இஃபியோமாவை முறைத்தேன். அவள் பேசாமல் இரு என்று கையைக் காட்டினாள்.

"இது யார் வீடு?" என்று கேட்டார் அடாகு அம்மா.

"அண்ணன் வீடு."

"மகன் வீடு என்றால் அப்பா வீடுதான். அவர் எதற்கு இதைவிட்டுப் போக வேண்டும்? மகன் வேலைக்குப் போகட்டும். அப்பா வீட்டில் மகளுக்கு எப்போதும் இடம் உண்டு. நீ இந்த வீட்டுப் பெண் என்று சொல்லித்தானே எங்களைக் கூட்டி வந்தாய்? அப்புறம் ஏன் அப்பாவை வெளியே இழுக்கிறாய்? நீ உள்ளே வா."

இத்தனை நாள் இது எங்கள் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. நாங்களும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். இந்த வீடும் வாடகைக்குத்தான் போகப்போகிறது. அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எட்டாமல் போனதற்குக் காரணம் உண்டு. அதைச் சொன்னவள் அண்ணி. "செந்தில் ஒத்துக்குவாரா? வீட்டோட மாப்பிள்ளைன்னு ஊரே பேசுமே."

காரில் இருந்த மனிதர்

செந்திலைக் கூப்பிட்டோம். தூக்கக் கலக்கத்தோடு வந்தார். தஞ்சாவூர்க்காரர். அவருடைய அம்மா எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவர். மாமனார் வீட்டோடு போய்விட்ட சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி அவர் பேசிய பேச்சு இன்றைக்கும் குடும்பத்தில் பிரசித்தம்.

அடாகு அம்மா அவரை எதிரில் உட்காரவைத்து, விஷயத்தைச் சொல்லி, மிச்சமிருந்த பாக்கில் ஒரு துண்டைக் கொடுத்தார். "எங்கள் ஊரிலும் இப்படிப் போகிறவனைக் கேலி செய்வார்கள். தெரிந்தேதான் கேட்கிறேன். உன் பதில் இல்லாமல் இது முடியாது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போக அவருக்குப் பாலத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓட வேண்டிவரும். அவர் முடியாது என்றால் அது நியாயம்தான். அப்பா விமானம் ஏறிவிடுவார்.

செந்தில் பாக்கை மென்றார். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஏஜென்ட் என்ன வாடகை சொன்னாரோ, அதையே நாங்க கொடுத்துடுறோம் மச்சான். அதுல பேச்சு வேணாம்" என்றார்.

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. அன்றைக்கு எழுந்து போய் அத்தனை பேர் எதிரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இஃபியோமா கைதட்டினாள்.

அப்பா எழுந்து உள்ளே போனார். குளியலறைக் குழாயில் வெகுநேரம் தண்ணீர் ஓடியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "சரிங்க" என்றார்.

அண்ணி அன்றைக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தாள். வந்தவர்கள் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அடாகு அம்மா போகும்போது அண்ணியைக் கட்டிக்கொண்டு, இந்த வீட்டுச் சமையலுக்கு நாங்கள் இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கலாம் என்றார். அண்ணி சிரித்தாள். இப்போதும் அவள் பெர்த்திலிருந்து பேசும்போதெல்லாம் அந்த மூவரையும் விசாரிக்காமல் போனை வைப்பதில்லை.

அந்தப் பெண்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? தெரியவில்லை. அவர்கள் ஊரை நான் பார்த்ததில்லை. எந்தக் காலத்திலோ யாரோ சேர்ந்து உட்கார்ந்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும் அவள் இந்த வீட்டுக்காரிதான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவின் நிழலில் இன்றைக்கு என் அப்பா இருக்கிறார். அவர்களுக்கு என் கும்பிடு.

முதல் நாள் சாப்பாடு

அண்ணன் குடும்பத்தை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்று எங்கள் சாமான்கள் பாதி பெட்டிக்குள்ளேயே இருந்தன. ரசமும் அப்பளமும் மட்டும் வைத்தேன். என் மகள், "சோ, வீ லிவ் ஹியர் நவ்?" என்று கேட்டுவிட்டுத் தட்டோடு உட்கார்ந்தாள். செந்தில் மேஜையின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவர் மாதிரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னதான் வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் அவருக்குள் கூச்சம் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவர் தலைப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அதை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"என்னங்க மாப்ள, ஓரத்துல உக்காந்துட்டீங்க? நல்லா உள்ள தள்ளி உக்காருங்க. நம்மூட்டுல கூச்சப்படக் கூடாது. வேணுங்கறதக் கேட்டு வாங்கிச் சாப்புடோணும்."

வாடகை கட்டுகிறவர் யார் என்று அந்த மேஜையில் எல்லாருக்கும் தெரியும். செந்தில் நாற்காலியை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"சரிங்க மாமா" என்று தட்டை நீட்டினார்.